தானே தேடிக்கொண்ட தழும்பு

புண்ணுக்கும் பெருமை உண்டு எனக் கண்டவர் தமிழர். மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றினர். முதுகில் பட்டதைப் புறப்புண் என இகழ்ந்தனர். வெண்ணிப் போர்க்களத்தில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. ஒரே படைக்கலம் உண்டாக்கும் வடு, ஒரு பக்கத்தில் புகழாகவும் மறுபக்கத்தில் பழியாகவும் ஆகின்றது. வடுவுக்குப் பொருள் தருவது அதனைக் காண்போரின் உள்ளமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

போரில் பெற்ற வடு ஒருபுறம் இருக்க, தானே விரும்பிப் பணம் கொடுத்துச் செய்துகொண்ட அழகு அறுவையால் வந்த வடுவை எவ்வாறு மதிப்பது? இமையில் மடிப்பு வேண்டி அறுவை செய்துகொண்ட ஒருத்தி, சிவந்து தடித்த கோட்டோடு மருத்துவரிடம் திரும்பி வருகின்றாள் எனக் கொள்வோம். “நலமாயிருந்த கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டாள், தானே அனுபவிக்கட்டும்” என்னும் தீர்ப்பு நம் நாவில் எளிதில் எழுகின்றது. அத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் அவ்வறுவை யாது என அறிதல் நன்று. கிழக்காசிய மக்களுள் பலருக்கு மேலிமையில் மடிப்பு இயல்பாகவே உண்டு, பலருக்கு இல்லை. மடிப்பற்ற இமையில் மடிப்பு அமைக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர் மிகாமோ 1896ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். கொரியப் போருக்குப் பின் அந்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் ரால்ப் மில்லார்ட், தாம் செய்த இத்தகைய அறுவைகளைப் பற்றி 1950களில் எழுதினார். இன்று கொரியாவிலும் ஜப்பானிலும் தைவானிலும் சீனாவிலும் பெருவழக்காகிவிட்ட இவ்வறுவை, நாம் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புதுமையன்று. அண்டை வீட்டாரும் உடன் பணியாற்றுவோரும் செய்துகொள்வதாதலின், நமக்கும் இது அயலான கேள்வியன்று.

இம்முறை இருவகைப்படும். இமையை நீளக் கீறாது நூலால் தைத்து மடிப்பு அமைப்பது ஒன்று. தோலைக் கீறி, வேண்டுமாயின் மிகைத்தோலையும் கொழுப்பையும் நீக்கித் தைப்பது மற்றொன்று. கீறிய இடத்தில் வடு விழுதல் இயற்கை. இமைத்தோல் உடலிலுள்ள தோல்களுள் மிக மெல்லியது. ஆதலின் பெரும்பாலும் நன்கு ஆறி, வடு மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆயினும் எல்லார்க்கும் அவ்வாறு அமைவதில்லை. மடிப்பு மிக உயரத்தில் அமைந்தாலோ, கொழுப்பு அளவுக்கு மீறி நீக்கப்பட்டுத் தோல் உள்ளே ஒட்டிக்கொண்டாலோ, கண்ணை மூடும்போது பள்ளமான கோடு ஒன்று வெளிப்படும். மூக்கையொட்டிய உள்மூலையில் கீறிய வடு, தன்னை மறைக்க மடிப்பில்லாமையால், சிலருக்குச் சிவந்து புடைத்து நிற்கும்.

இவற்றுக்கு முதல் மருந்து காலமே. தழும்பு முதிர்ந்து வெளிறி மென்மையாக ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை வெயில் படாது காத்தல், மருத்துவர் காட்டியவாறு மெல்லத் தடவிவிடல், சிலிக்கோன் களிம்பு பூசுதல் ஆகியன துணைசெய்யும். தடித்த வடுவில் ஸ்டீராய்டு மருந்தைச் சிறிதளவு ஊசிவழிச் செலுத்துவர். அளவு மிகுந்தால் தோல் மெலிந்து நிறம் வெளுக்கும். சிவப்பைத் தணிக்க லேசர் ஒளி உதவும். கருமை மிக்க தோலில் அதுவே நிறமாற்றத்தை விளைவிக்கவும் கூடும். ஒட்டிய தோலை விடுவித்து, இடையே கொழுப்பை வைத்து மீண்டும் தைக்கும் திருத்த அறுவையும் உண்டு. அதனைப் பெரும்பாலும் ஆறு திங்களுக்கு முன் செய்யார். கண்ணை முழுதும் மூட இயலாமையோ, சீழ்ப்பிடிப்போ, பார்வைக் குறைவோ நேரின் காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாடல் வேண்டும். எத்துணை முயன்றாலும் வடு மங்குமேயன்றி அடியோடு அழியாது.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். தானே வருவித்துக்கொண்ட துன்பத்துக்கு இரக்கம் தகாது எனின், புகைத்து நுரையீரலைக் கெடுத்தவரும், பந்தாடிக் காலை முறித்தவரும், இனிப்பை விடாது நீரிழிவை முற்றவிட்டவரும் எங்கே செல்வர்? வள்ளுவர் இதனை நன்கு அறிந்தவர். அளவறியாது உண்பவனிடத்தில் நோயும் அளவின்றி நிற்கும் என மருந்து அதிகாரத்தில் எச்சரித்தவர், அதே அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து மருத்துவம் செய்க என்கின்றார். நோயின் காரணத்தை நாடச் சொன்ன அப்பெருந்தகை, நோயாளியின் குற்றத்தை நாடச் சொல்லவில்லை. தானே தேடிய நோய்க்கும் மருத்துவனை அருகில் நிறுத்தியதே அவர் காட்டிய அறம்.

அன்றியும், ‘தானே தேடியது’ என்னும் சொல் முழு உண்மைதானா? கொரியாவில் வேலைக்கு விண்ணப்பிப்போர் தம் ஒளிப்படத்தை இணைத்து அனுப்புதல் நெடுங்கால வழக்கம். பொதுத்துறை நிறுவனங்களிலேனும் அவ்வழக்கத்தை நிறுத்த 2017ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசே முன்வர நேர்ந்தது. முகம் பார்த்து வேலை தரும் உலகம், முகத்தைத் திருத்திக்கொண்டவரைப் பார்த்து ‘வீண் ஆசை’ எனச் சிரிப்பது நேர்மையாகுமா? நிறத்தைச் சொல்லி மணமகள் தேடும் நம்மவர் இதற்கு விடையளிக்கக் கடமைப்பட்டவர்.

ஆயினும் அழகு வேட்கை அனைத்தையும் பிறர்மேல் சுமத்துதல் பொருந்தாது. தன் முகத்தைத் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமை வளர்ந்த ஒருவருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் அதன் செலவை ஏற்பதும் முறையே. சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதித் திட்டம் அழகு அறுவையின் செலவை ஏற்பதில்லை; பொதுப்பணத்துக்கு அத்தகைய வரம்பு வேண்டியதே. ஆனால் யார் பணம் கொடுப்பது என்பது ஒரு கேள்வி. யாரைப் பரிவோடு நடத்துவது என்பது வேறொரு கேள்வி. முன்னதற்குக் கணக்குப் பார்க்கலாம். பின்னதற்குக் கணக்குப் பார்த்தால் அது பரிவாகாது.

வடுவை மறைக்க விரும்புவது பொய்ம்மைக்குமேல் பொய்ம்மையன்றோ என வினவுவார் உளர். வயிற்றிலோ தொடையிலோ உள்ள தழும்பின் கதையைச் சொல்வதும் விடுவதும் அதனை உடையவர் கையில் உள்ளது. இமைத்தழும்போ, எதிரில் பேசுவோர் நோக்கும் இடத்திலேயே நிற்கின்றது. கேளாதவர்க்கும் தன் கதையைச் சொல்லிவிடுகின்றது. அதனை மங்கச் செய்யுமாறு கேட்பவர், தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் உரிமையைத்தான் திரும்பக் கேட்கின்றார். அதனைப் பொய் என்பது கொடுமை.

மருத்துவர் கடமையும் இங்கு உண்டு. பழம்பெரும் அறுவை நூலான சுசுருத சம்கிதை, புண்ணுக்குச் செய்யத்தக்க அறுபது செயல்களைக் கூறுமிடத்து, ஆறிய இடத்தில் தோலின் நிறத்தை மீட்பதையும் மயிர் முளைப்பிப்பதையும் சேர்த்தே எண்ணுகின்றது. புண் மூடியதோடு மருத்துவன் பணி முடிவதில்லை என்பது முன்னோர் துணிபு. அறுவைக்கு முன்னரே வடு விழக்கூடும் என உரைத்தலும், விழுந்தபின் கைவிடாமையும், காத்திருக்க வேண்டிய காலத்தில் கத்தியை எடுக்காமையும், மீண்டும் மீண்டும் திருத்தம் வேண்டி வருவோர்க்கு ‘இதற்குமேல் வேண்டா’ எனக் கூறும் துணிவும் அப்பணியில் அடங்கும். வடு அடியோடு மறையும் என உறுதி கூறிப் பணம் பெறுவது மருத்துவம் ஆகாது. அது வணிகத்துள்ளும் இழிந்தது.

நமக்கு உரிய கடமையோ இவற்றினும் எளியது. பிறர் இமையில் ஒரு கோட்டைக் காண நேர்ந்தால், அதன் வரலாற்றைத் துருவாது, அக்கண்ணையே நோக்கிப் பேசுவோம். புண் எவ்வழி வந்ததாயினும், அதனைத் தாங்கி நிற்பவர் மனிதரே.