பள்ளிக்கூடத்தில் ஓர் இன்சுலின் ஊசி: யார் பொறுப்பு?



டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளையின் உடலில் இன்சுலின் சுரப்பதில்லை. உயிர் வாழ தினமும் பல முறை ஊசி போட்டாக வேண்டும். அதில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு முன். அந்நேரம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை அளவு பார்த்துத் தானே போட்டுக்கொள்ளுமா? அதனால்தான் வேலையை விட்டுவிட்டு, நண்பகலில் பள்ளி வாசலில் வந்து நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

"டீச்சர், நீங்களே போட்டுவிடுங்களேன்" என்று கேட்டால், "ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்கிறார்கள். இந்த அச்சத்தை இலேசாக எண்ணாதீர்கள். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இன்சுலின் அளவு கூடினால் சர்க்கரை இறங்கிப் பிள்ளை மயங்கிவிடும். அச்சம் நியாயமானதே.

ஆனால் அந்த ஹதீஸ் தடுப்பது அறியாமையை, உதவியை அல்ல. அதே அபூதாவூதில் மற்றொரு சம்பவத்தைப் பாருங்கள். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். இதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்று உணர்த்தினார்கள்.

ஆக, தெரியாமல் செய்வது குற்றம். தெரிந்துகொள்ள வழியிருந்தும் "எனக்குத் தெரியாது" என்றே நின்றுவிடுவது தப்பிக்கும் வழியல்ல.

கற்க வேண்டியதும் மலையளவு இல்லை. மருத்துவர் எழுதித் தந்த அளவு, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், செவிலியரிடம் முறையான பயிற்சி, போட்ட நேரத்தையும் அளவையும் குறித்து வைக்க ஒரு நோட்டு. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறு பரிசோதனை. மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது. இவ்வளவுதான்.

மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் கூறுகிறார்கள். ஊரில் சிலர் கற்றால் எல்லோருடைய கடமையும் நீங்கும். எவருமே கற்காவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஒரு பள்ளிக்கூடத்தையும் இப்படியே எண்ணிப் பாருங்கள். எல்லா ஆசிரியரும் ஊசி பிடிக்க வேண்டியதில்லை. இருவர் கற்றால் போதும். ஒருவர் விடுப்பில் போனாலும் மற்றவர் இருப்பார். நம் மக்தப் மத்ரஸா உஸ்தாதுகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. "நாளை நிக்காஹ் பேசும்போது தடையாகிவிடும்" என்று பெண்பிள்ளையின் நோயைப் பள்ளியில் மறைக்காதீர்கள். மறைத்துவிட்டு, மயங்கிய பிறகு ஆசிரியரைக் குறை சொல்வது நீதியல்ல. வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் இப்பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும் என்று தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023ல் வலியுறுத்தியுள்ளது. அதைச் சொல்லிக் கேளுங்கள். மனமுவந்து முன்வரும் ஆசிரியருக்குத் துஆச் செய்யுங்கள். முறைப்படி செய்தும் ஏதேனும் நேர்ந்துவிட்டால் அவர்மீது பாயாதீர்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் அமானிதம். அதைப் பேணும் அறிவையும் துணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.