வளர்ப்பு நாயும் காப்புறுதியும்: ஓர் அறவியல் நோக்கு

காப்புறுதி என்னும் ஏற்பாடு கடலோடு வளர்ந்த ஒன்று. ஒரு கப்பல் மூழ்கினால் அதன் உரிமையாளன் ஒருவனே அழிந்துபோகாதவாறு, பலர் தத்தம் பங்காகச் சிறு தொகையை முன்னரே இட்டு அவ்விழப்பைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் மத்தியதரைக் கடற்றுறைகளிலே உருப்பெற்று, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் லொயிட் என்பாரின் கோப்பிக் கடையிலே கூடிய வணிகரின் கையில் ஒரு தொழிலாக விரிந்தது. எனவே திருகோணமலை போன்றதொரு துறைமுகப் பட்டினத்தில் காப்புறுதி என்பது புதிய சொல்லன்று. சீனன்குடாவிற்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலும் அதன் சரக்கும் காப்புறுதியின்றிக் கடலில் இறங்குவதில்லை. ஆயின் உட்துறைமுக வீதியிலோ உவர்மலையிலோ உள்ள ஒரு வீட்டார், தம் முற்றத்திற் படுத்திருக்கும் நாய்க்கும் அத்தகைய பத்திரம் ஒன்று பெறுதல் தகுமோ என வினவின், கேட்போர் நகைக்கவே செய்வர். நகைப்பிற்குரியதெனத் தோன்றும் இவ்வினா, ஓர் உயிரின் பெறுமதியைப் பற்றியும், மனிதன் தன்னைச் சார்ந்த உயிருக்குக் கடமைப்பட்டிருக்கும் அளவைப் பற்றியும் எழும் மிகப் பழைய வினாக்களைத் தன்னுள்ளே கொண்டிருக்கின்றது.

முதலிற் கணக்கை நோக்குதல் வேண்டும். 1 இலட்சம் ரூபா செலவாகும் சத்திரசிகிச்சை ஒன்று, ஓர் ஆண்டில் இருபது நாய்களுள் ஒன்றிற்குத் தேவைப்படும் எனக் கொள்வோம். இருபது வீட்டாரும் ஆளுக்கு 5,000 ரூபா இட்டால் அச்செலவு அடையும். ஆனால் காப்புறுதி நிறுவனம் எழுதுவினைஞருக்குச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். முகவருக்குத் தரகு கொடுத்தல் வேண்டும். இலாபமும் ஈட்டல் வேண்டும். ஆகவே கட்டுப்பணம் 5,000 ரூபாவிற்கு மேலாகவே இருக்கும். இதனால், திடீரென வரும் செலவைத் தாங்கவல்ல வீட்டார் அப்பணத்தைத் தாமே ஒதுக்கி வைப்பது சராசரியில் இலாபகரமானது. தாங்க இயலாத வீட்டாரோ பெரும்பாலும் கட்டுப்பணத்தையும் கட்ட இயலாதவராகவே இருப்பர். கப்பலுக்குப் பொருந்தும் நியாயம் நாய்க்கு அப்படியே பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. கப்பலை இழந்தவன் தன் வாழ்வையே இழக்கின்றான். நாயை இழந்தவன் வாழ்வை இழப்பதில்லை. அவன் வேறொன்றை இழக்கின்றான்.

கால்நடையின் நிலை இதனின்றும் வேறுபட்டது. கந்தளாயிலோ கிண்ணியாவிலோ இரண்டு பசுக்களின் பாலை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு பசுவின் சாவு கப்பலின் அழிவை ஒத்தது. 1973ஆம் ஆண்டின் கமத்தொழிற் காப்புறுதிச் சட்டம் பயிரோடு கால்நடையையும் தன்னுள் அடக்கியமை இந்நியாயம் பற்றியே. பசு இறந்தால் அதன் விலை உரியவன் கைக்கு வரும். அவன் இன்னொரு பசுவை வாங்குவான். பால் மீண்டும் சுரக்கும். நாய் இறந்தபின் அதன் விலையாக ஒரு தொகை கைக்கு வந்தால் அத்தொகை எதற்கு ஈடு? சிப்பிப்பாறை, இராசபாளையம் போன்ற பெயர்பெற்ற இன நாய்க்காயினும் சந்தையில் ஒரு விலை உண்டு. மழையிரவொன்றில் படலையருகே வந்து ஒதுங்கி, பின்னர் வீட்டோடு தங்கிவிட்ட நாட்டுநாய்க்கு அந்த விலையும் இல்லை. சட்டத்தின் கண்ணிலும் அதன் நிலை உயர்ந்ததன்று. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இந்நாட்டிற் குற்றவாளிக்கு விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகையாயிருந்திருக்கலாம். அத்தொகை நெடுங்காலம் மாறாதிருந்தமை, கொடுமையின் விலையும் ரூபாவோடு சேர்ந்து தேய்ந்துவிட்டமையைக் காட்டுகின்றது.

உயிரைச் சரக்காகக் கொண்டு காப்புறுதி செய்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடற் சட்டத்தின் வரலாற்றிலேயே கொடியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1781இல் சொங் என்னும் ஆங்கிலேய அடிமைக் கப்பல் ஆபிரிக்காவிலிருந்து யமேக்காவிற்குச் சென்றபோது, அதிலிருந்த மாலுமிகள் 130க்கு மேற்பட்ட அடிமைகளைக் கடலில் எறிந்தனர். நீர் போதவில்லை என்பது அவர்கள் கூறிய காரணம். அடிமை நோயால் இறந்தால் அந்த இழப்பு உரிமையாளரைச் சாரும். கப்பலைக் காக்கும்பொருட்டு எறியப்பட்டால் காப்புறுதி செய்தவர் நட்டஈடு தரல்வேண்டும். இவ்விதியை நம்பியே உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். முதலில் யூரிமார் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தனர். 1783இல் மான்ஸ்பீல்ட் பிரபு மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். கொலை வழக்காக எழவேண்டிய ஒன்று சரக்கு வழக்காகவே மன்றில் நின்றது. மனிதரையும் நாயையும் ஈண்டு ஒப்புநோக்குதல் கருத்தன்று. அவ்வாறு ஒப்பிடல் கடலில் மாண்டோருக்கு இழைக்கும் அவமதிப்பாகும். காட்டவேண்டியது ஒன்றே: ஓர் உயிரின் சாவு மற்றொருவனுக்குப் பணமாகும் ஏற்பாட்டில், அவ்வுயிர் பயனாளியாக அன்றிப் பண்டமாகவே கணிக்கப்படுகின்றது. நாயின் மரணத்திற்கு நட்டஈடு தரும் பத்திரத்தையும் நாயின் சிகிச்சைக்குச் செலவு தரும் பத்திரத்தையும் ஒரே பெயரால் வழங்குவது இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றது. முன்னையது உரிமையாளனுக்காக ஏற்பட்டது. பின்னையது, குறைந்த பட்சம் நோக்கத்திலாவது, நாய்க்காக ஏற்பட்டது. அறவியல் வினா பின்னையது பற்றியே எழும்.

1924இல் சுவீடனிலும் 1947இல் பிரித்தானியாவிலும் தோன்றிய நாய்க் காப்புறுதி, 1982இல் ஐக்கிய அமெரிக்காவிலே லசி என்னும் பாத்திரத்தில் நடித்த நாய்க்கு வழங்கப்பட்ட பத்திரத்தோடு அங்கும் காலூன்றியது. சுவீடனிலே பெரும்பாலான நாய்கள் இன்று காப்புறுதி செய்யப்பட்டுள்ளன. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் நாய்க்கும் ஒரு பத்திரம் இருப்பின் அது வியப்பன்று. அங்கு விலங்கு வைத்தியம் தனியார் கையில் உள்ளது. ஒரு சத்திரசிகிச்சை ஒரு தொழிலாளியின் பல மாத ஊதியத்தை விழுங்கிவிடும். அத்தகைய நாடுகளில் பத்திரம் விற்போர் உண்மையில் விற்பது பணத்தை மட்டுமன்று. ஒரு முடிவெடுக்கும் தருணத்தினின்றும் விடுதலையையும் அவர்கள் விற்கின்றனர். வைத்தியர் செலவைக் கூறி, செய்யலாமா என்று கேட்டு நிற்கும் அந்தக் கணத்தில், பத்திரமற்றவன் தன் நாயின் விலையைத் தன் வாயாலேயே சொல்ல நேர்கின்றது. பத்திரமுள்ளவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்விடுதலை நன்றா? நன்றே என்பார் கூறும் நியாயம் வலிமையுடையது. மனம் அமைதியாக இருக்கும்போது எடுத்த உறுதி, பணமுடையும் பதற்றமும் நெருக்கும் வேளையில் எடுக்கும் முடிவினும் சிறந்தது. தன்னைத் தானே முன்கூட்டிக் கட்டிக்கொள்பவன் கோழையல்லன். இதனை மறுத்தற்கில்லை. எனினும் முடிவெடுக்கும் பொறுப்பு அகன்றுவிடுவதில்லை. அது நிறுவனத்தின் சிற்றெழுத்துக்களுக்கு இடம் மாறுகின்றது. நாயின் விலை அங்கும் சொல்லப்பட்டிருக்கும்: உச்சத் தொகை இவ்வளவு, ஏலவே இருந்த நோய்க்கு இல்லை, இன்ன வயதிற்குமேல் இல்லை. இந்தியாவின் பொதுத்துறை நிறுவனங்களின் நாய்க் காப்புறுதியிலே எட்டு வாரம் முதல் எட்டு ஆண்டு வரை என்பது வழக்கமான வயதெல்லை. உழைத்து உழைத்துக் கண்மங்கி, இடுப்புத் தளர்ந்து, துணை மிக வேண்டிய பருவத்தில் நாய் நிற்கும்போது பத்திரம் விலகிக்கொள்கின்றது. ஐயத்தின் பயன் கணக்காளருக்குப் போகட்டும். அவர்கள் நிகழ்தகவை மட்டுமே அறிவர். ஆனால் முதுமையிற் கைவிடுதல் என்னும் இவ்விடயமே மெய்யியலாளர் பலரை உறுத்தியுள்ளது. புளூட்டார்க், மூத்த கேற்றோவின் வரலாற்றை எழுதுமிடத்து, முதுமையுற்ற அடிமைகளை விற்றுவிடும் அவரது வழக்கத்தைக் கண்டித்து, தளர்ந்த குதிரையையும் நாயையும் பேணுதலே நல்லார் இயல்பு என வாதிடுகின்றார். கான்ற் தம் அறவியல் விரிவுரைகளில், உழைத்துத் தளர்ந்த நாயைச் சுட்டுவிடுபவனை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். நாய்க்கு அவன் நேரடியாகக் கடமைப்பட்டவன் அல்லன் எனவும், அச்செயலால் அவனுடைய மனிதத்தன்மையே ஊறுபடுகின்றது எனவும் அவர் கருதினார். பெந்தாமோ 1789இல் இவ்விடயத்தைப் பகுத்தறிவின் பக்கத்திலிருந்து துன்பத்தின் பக்கத்திற்கு மாற்றினார். துன்புறும் ஆற்றல் உண்டா என்பதே அவருக்கு வினா. கான்ற்றின் விடையில் நாய் மனிதனின் ஒழுக்கத்திற்கு ஒரு பயிற்சிக்களமாக மட்டும் எஞ்சுவதால் அது நிறைவு தருவதாயில்லை.

தமிழர் வாழ்விலே நாயின் இடம் முரண்பட்டது. ஏசுவதற்கு முதலில் வாயில் வருவது அதன் பெயர். வைரவர் கோயிலில் வாகனமாக நிற்பதும் அதுவே. மாணிக்கவாசகர் தம் தாழ்மையைக் கூற எடுத்துக்கொண்டதும் அதனையே. பாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் துறக்கம் புகத் தருமன் மறுக்கின்றான். அந்த நாய் அவன் வளர்த்ததன்று என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது பின்தொடர்ந்து வந்தது, அவனை நம்பியது, அவ்வளவே. கடமை உரிமையிலிருந்து பிறக்கவில்லை, நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

இந்நுட்பம் திருகோணமலைக்கு மிகப் பொருந்தும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும் டச்சு விரிகுடாக் கரையிலும் திரியும் நாய்களுள் எது யாருடையது என்று கூறுதல் அரிது. ஒருவர் மீன்தலை போடுவார். இன்னொருவர் வள்ளத்தின் நிழலிற் படுக்கவிடுவார். மூன்றாமவர் பெயர் சொல்லி அழைப்பார். காப்புறுதிக்கோ உரிமையாளரின் ஒப்பம் வேண்டும், நாயின் அடையாளம் வேண்டும், பிறந்த திகதி வேண்டும். எனவே இவ்வூரில் பத்திரம் பெறத்தக்க நாய் மிகச் சிலவே. அன்பிற்குரியனவோ மிகப் பல. ஒரு வீட்டு நாயின் கட்டுப்பணத்தைக் கொண்டு ஒழுங்கையில் உள்ள பல நாய்களுக்குக் கருத்தடை செய்விக்கலாம் எனப் பயன்வழிவாதி கூறுவான். 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் முறை இந்நாட்டிற் கைவிடப்பட்டபின் தடுப்பூசியும் கருத்தடையுமே வழியாயின. ஒரு பிரதேசத்து நாய்களுள் 70 வீதமானவற்றிற்குத் தடுப்பூசி ஏற்றினால் விசர்நாய்க்கடி நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார தாபனத்தின் கணிப்பு. அரச சுகாதாரத் துறையினர் இலவசமாக ஏற்றும் அந்த ஊசியே காப்புறுதியின் மூலக் கருத்திற்கு மிக அண்மையானது. ஒன்றிற்கு இட்டது மற்றெல்லாவற்றையும் காக்கின்றது, மனிதக் குழந்தைகளையும் காக்கின்றது. அதனைச் செய்விக்காமல் பத்திரம் தேடுபவன் ஓட்டை வள்ளத்திற்கு வர்ணம் பூசுபவன்.

ஆயினும் பயன்வழிவாதியின் கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. அதனை இறுதிவரை கொண்டுசென்றால் தன் பிள்ளைக்கு மருந்து வாங்குபவனும் குற்றவாளியாவான். வீட்டு நாய்க்கெனச் சிறப்பான கடமை ஒன்று உண்டு. அது உண்ணி கடித்துக் காய்ச்சலில் விழுந்தால் தெருவிலுள்ள பத்து நாய்களைக் காட்டி அதைக் கைவிட முடியாது. சங்கிலியிட்டு வளர்த்தவன் அதன் தற்காப்பாற்றலை எடுத்துக்கொண்டவன். எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் தான் நிற்கவேண்டியவன். திருகோணமலையிலிருந்து பேராதனைக் கால்நடை வைத்தியசாலைவரை ஏறத்தாழ 180 கிலோமீற்றர் வாகனம் அமர்த்திச் செல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. இயலாமை வேறு, கடமையின்மை வேறு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் கடல் ஏறியபோதும், 2006இல் மூதூரினின்றும் சம்பூரினின்றும் மக்கள் வெளியேறியபோதும், பிள்ளைகளைத் தூக்கிச்செல்லக் கையில்லாதவர்களிடம் நாயை ஏன் விட்டுவந்தீர் என வினவும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் அவர்களுள் எவரேனும் பின்னாளில் அந்த நாயை எண்ணி வருந்தினால் அவ்வருத்தம் பேதைமையன்று. கடமை அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. கி.மு. 480இல் பாரசீகப் படைக்கு அஞ்சி அதென்ஸ் மக்கள் கப்பலேறிச் சலாமிசு தீவுக்கு ஓடியபோது, சாந்திப்பசு என்பவரின் நாய் அவர் கப்பலின் பக்கமாகவே நீந்திச்சென்று கரையேறியதும் உயிர்விட்டதாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். போர் விளைக்கும் இழப்புக்கள் காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக விலக்கப்பட்டிருப்பவை.

இவற்றை நோக்குமிடத்து, திருகோணமலை வீட்டாருக்குப் பத்திரம் பெறுதல் கடமையாகாது, பெறாமை குற்றமுமாகாது. தடுப்பூசியை முதலிலே செய்வித்து, மாதந்தோறும் சீட்டுக் கட்டுவதுபோல ஒரு சிறுதொகையை நாயின் பெயரால் ஒதுக்குதல் இங்குள்ள செலவுகளுக்குப் பெரும்பாலும் போதும். சிகிச்சைச் செலவு குடும்பத்தையே குலைத்துவிடக்கூடிய நாட்டில் வாழ்பவர், நாயின் முதுமையையும் தாங்கும் பத்திரமாயின் அதனைப் பெறுதல் நேர்மையான செயல். அங்கும் ஓர் இடர் உண்டு. செலவைப் பிறர் தருவதால், வேண்டாத சிகிச்சையும் வேண்டியதாகத் தோன்றலாம். சிறுநீரகம் பழுதுற்ற பதினான்கு வயது நாயை நான்காம் முறையாகவும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றனர்; நிறுவனம் பணம் தரச் சம்மதித்துவிட்டது; வைத்தியரும் ஆயத்தமாக இருக்கின்றார். நாய் மட்டும் உணவுக்கிண்ணத்தினின்றும் முகத்தைத் திருப்பிச் சுவரோரமாகப் படுத்திருக்கின்றது. ஊசி ஏற்றப்படுவது எவர் பொருட்டு என்னும் வினாவிற்கு, ஒப்பமிட்ட பத்திரத்தில் நிரப்புவதற்கான கட்டம் இல்லை.