அழையாதவரின் சாட்சி

நாமக்கல் முட்டைக்கு என்ன விலை என்று தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. அதிலும் ‘மைனஸ்’ என்று ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரி லாரியில் ஏற்றுவார் என்பது பண்ணையாளருக்குத் தெரிந்த கதை. உள்ளூரிலேயே சொல் எடுபடாதவருக்காக ஜெனீவாவில் யார் பேசுவது?

பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2007இல் கோழிப்பொருள் இறக்குமதிக்கு இந்தியா விதித்த தடையை எதிர்த்து, 2012இல் அமெரிக்கா ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பை நாடியது. தடைப் பட்டியலில் முட்டையும் உண்டு. ஆனால் இங்கே பெரிய பயம் மலிவான கோழிக்கால் துண்டுகளைப் பற்றித்தான். தடைக்கு அறிவியல் அடிப்படை போதாது என்ற முடிவு 2015 மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 2023 செப்டம்பரில் இரு அரசுகளும் பேசி முடித்துக்கொண்டன. நாமக்கல் மாவட்டத்து மோகனூர்ப் பக்கக் கோழிக் கொட்டகைகளில் யாரையாவது கேட்டா முடித்தார்கள்? கேட்கவேண்டும் என்று விதியில்லை. அங்கே வழக்கின் தரப்புகள் அரசுகள் மட்டுமே.

தன்னார்வ அமைப்புகளும் பேசட்டுமே என்றால், அதை எதிர்த்தவர்களில் நாமும் உண்டு. 1998இல் இறால்–ஆமை வழக்கில், அழைக்காமல் வரும் மனுக்களையும் ஏற்கலாம் என்றது உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு. இந்தியா ஆட்சேபித்தது. பணமும் வக்கீல்களும் மேற்கத்திய அமைப்புகளிடம்தான் இருக்கின்றன, கதவைத் திறந்தால் அவர்கள் குரலே நிறையும் என்ற பயம் வெறும் சாக்கு அல்ல. ஆனால் சாத்திய கதவு நாமக்கல்காரருக்கும் சாத்திய கதவுதான்.

சரி, திறந்தால் யார் உள்ளே போவது? பண்ணையாளர் சங்கமா? முட்டையை அட்டையில் அடுக்கும் தொழிலாளிக்கு அதில் இடமில்லை. கூண்டில் இறக்கை விரிக்க முடியாத கோழிக்காக விலங்குநல அமைப்புகள் பேசுகின்றன. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் அந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டது. இவர்களில் யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்ந்தெடுக்கப்படாதவருக்குத் தீர்ப்பில் பங்கு கேட்க உரிமையில்லை என்றே தோன்றுகிறது. சாட்சி சொல்ல யாரும் தேர்தலில் நிற்க வேண்டாம். ஆனால் சாட்சி என்றால் குறுக்கு விசாரணை உண்டு: பணம் யாருடையது, யாரைப் போய்க் கேட்டீர்கள்? கூண்டை ஒழிக்கச் சொல்லும் மனு, சத்துணவு முட்டையின் விலை ஏறினால் யார் தலையில் விழும் என்பதையும் எழுதவேண்டும். பண்ணையாளர் சங்கத்தின் மனுவில் கோழியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று விலங்குநல அமைப்பினரும் கேட்கலாம்.