தறி நிற்கும் நாள்

சேர்வராயன் மலையில் வாழவந்தி போன்ற ஊர்களில் வீட்டையும் வேலையையும் யாரும் தனித்தனியாகப் பிரித்து வைக்கவில்லை. காப்பிப் பழம் சிவந்ததும் பறித்ததை அன்றைக்கே பரப்பியாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். சிறு விவசாயிக்குக் காயவைக்கும் களம் பெரும்பாலும் வீட்டு வாசல்தான். வெயில் ஏற ஏறக் கிளறிவிட வேண்டும், மாலைப் பனி இறங்குவதற்குள் கூட்டிக் குவித்து மூட வேண்டும். இப்படி இரண்டு வாரமோ அதற்கு மேலோ போகும். பிறகு ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே கொட்டை கலகலவென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். மலையிறங்கிச் சேலத்துக்குப் போனால் குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாகத் தறி வீட்டுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது. ஒருவர் குழியில் கால் விட்டு மிதிக்கட்டையை மிதித்து நாடாவை எறிவார், இன்னொருவர் அதே கூடத்தில் ராட்டையில் தார் சுற்றுவார், அடுத்த அறையில் உலை கொதிக்கும். வீட்டிலிருந்தே வேலை செய்வது நம் மண்ணுக்குப் புதிதில்லை. வீட்டைவிட்டுப் போய் வேலை செய்வதுதான் புதிது. தொழிலகம் வீட்டிலிருந்து பிரிந்ததை நவீன முதலாளியத்தின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்றாக மாக்ஸ் வேபர் எடுத்துக்காட்டினார்.

அப்படியிருக்க, 2020 மார்ச் ஊரடங்கில் மடிக்கணினியோடு வீடு திரும்பியவர்களுக்கு ஏன் மூச்சு முட்டியது? இடம் போதவில்லை, குழந்தைகளின் சத்தம், இணையம் விட்டுவிட்டு வருகிறது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் குழித்தறி இருந்த வீடு இதைவிடச் சிறியது, சத்தமும் அதிகம். வேறுபாடு எனக்கு வேறிடத்தில் தெரிகிறது. காப்பிக் களத்தில் வேலை முடிந்ததைக் கொட்டையே சொல்லிவிடுகிறது. வெயில் இறங்கினால் அன்றைய பாடு முடிந்தது. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அப்படிக் காயும் பதம் ஒன்று கிடையாது. அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் கடைசிப் பேருந்தாவது ஒருவரை எழுப்பி அனுப்பியது. வீட்டில் அதுவும் இல்லை. எனவே தனி மேசை போடு, மணிக்கொரு முறை எழுந்து நட, பட்டியல் எழுது என்ற அறிவுரைகள் பயன்படும்தான், ஆனால் நடுக் கேள்வியை அவை தொடுவதில்லை. ‘இன்றைக்கு இது போதும்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. அதை நேர நிர்வாகக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, சமயக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். மனித உழைப்புக்கு எது எல்லை, அந்த எல்லையை வைப்பவர் யார் என்று முதலில் கவலைப்பட்டவை சமயங்களே.

பெரியபுராணத்தில் நேச நாயனாருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. சோதனை இல்லை, வாள் இல்லை, கண்ணைப் பிடுங்குவது இல்லை. காம்பீலி என்ற ஊரில் பிறந்த நெசவாளர் அவர். மனத்தை இறைவன் திருவடியிலும், நாவை ஐந்தெழுத்திலும், கையை நெசவிலும் வைத்திருந்தார் என்று சேக்கிழார் மூன்றாகப் பங்கிட்டுச் சொல்கிறார். மேடைகளில் இவரை எடுத்துக்கொள்பவர்கள் வழக்கமாக ‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்று முடித்துவிடுவார்கள். நான் அந்தப் பங்கீட்டில் நிற்க விரும்புகிறேன். வேலைக்குக் கொடுக்கப்பட்டது கை மட்டும்தான். மனமும் வாக்கும் வேறொருவருக்கு உரியவை. வேலை தெய்வமாகிவிடவில்லை, வேலையைவிடப் பெரிய ஒன்று அதே அறையில் இருக்கிறது, அவ்வளவே. அவர் நெய்தது என்ன என்பதும் முக்கியம்: அடியார்களுக்கான உடை, கீள், கோவணம். ஒவ்வொன்றுக்கும் நீள அகலம் உண்டு. உடுத்துபவர் யாரென்று தெரியும். அளவு முடிந்ததும் அறுத்து எடுத்துக் கொடுத்துவிடலாம், கொடுத்ததும் அந்த வேலை நெய்தவரை விட்டு நீங்கிவிடும். வீட்டுக்குள் வேலை செய்தும் வீடு வேலையில் மூழ்காமல் இருப்பதற்கு இந்த இரண்டும் வேண்டும் என்று நினைக்கிறேன்: மனத்தை முழுதாகக் கேட்காத வேலை, ஒரு முடிவுள்ள வேலை.

கர்மயோகம் என்றால் இடைவிடாத உழைப்பு என்றொரு எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கீதையின் ஆறாம் அத்தியாயம் அதற்கு இடம் தரவில்லை. மிகுதியாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காதவனுக்கும் யோகம் கூடாது என்று அது சொல்கிறது. உணவு, பொழுதுபோக்கு, செயல், உறக்கம், விழிப்பு எல்லாவற்றிலும் அளவு கேட்கிறது. பொழுதுபோக்கையும் யோகத்தின் கணக்கில் சேர்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பலனில் பற்று வேண்டாம் என்பதன் பொருளும் அளவின்றி உழைத்துத் தேய்ந்து போ என்பதாக இருக்க முடியாது. விவேகானந்தர் கர்மயோகச் சொற்பொழிவுகளில் அடிமையைப்போல் உழைக்காதே, எஜமானனைப்போல் உழை என்றுதான் வற்புறுத்தினார். இங்கோ 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் பரவிய காணொளியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றியும், வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்பதைப் பற்றியும் பேசினார். இருவரும் சமயத்தின் பெயரால் பேசவில்லை. ஆனால் உழைப்பே புனிதம், வீடு வெறும் சோம்பல் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படிப் பேச முடியாது. அந்த நம்பிக்கை உயிரையும் வாங்குகிறது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் உண்டான பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் பலியானார்கள் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து கணக்கிட்டன.

இந்த இடத்தில் திருக்குறிப்புத்தொண்டரையும் நினைக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்தவர். அழுக்கேறிய கந்தையோடு வந்த முதியவரிடம், மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வெளுத்தும் ஆயிற்று, மழை பிடித்துக்கொண்டது, விடவேயில்லை. பொழுது சாய்ந்ததும், வாக்குத் தவறினேன் என்று துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போனார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து அவரைப் பிடித்துக்கொண்டது. கெடுவுக்கு உயிரைக் கொடுக்கத் துணிந்த பக்தி என்று இதைப் போற்றுவார்கள். கதையோ அங்கே நிற்கவில்லை. வேலை கொடுத்தவனே வந்து கையைப் பிடிக்கிறான், காயாத துணிக்காக ஒரு தலை உடைவதை அவன் ஏற்கவில்லை. மழையை அனுப்பியவனும் அவன்தான். தன் கையில் இல்லாத காரணத்தால் தவறிய கெடுவுக்குத் தன்னையே தண்டித்துக்கொள்ளும் ஊழியர்கள் இன்று ஏராளம். அவர்களைப் பிடித்து நிறுத்தும் கை எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பது நியாயமான கேள்வி.

வீட்டில் தனியாக வேலை செய்வதில் மறுபக்கத் துன்பமும் உண்டு. அதை நான்காம் நூற்றாண்டிலேயே எகிப்தியப் பாலைவனத் துறவி எவாகிரியஸ் வியப்பூட்டும் துல்லியத்தோடு எழுதிவைத்தார். அறைக்குள் தனித்திருக்கும் துறவியை நண்பகல் பேய் பிடிக்கிறது. சூரியன் நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் நீளுகிறது என்று தோன்றும். அடிக்கடி சன்னலைப் பார்க்கச் சொல்லும், யாராவது வருகிறார்களா என்று தேடவைக்கும், இருக்கும் இடத்தையும் செய்யும் வேலையையும் வெறுக்கவைக்கும். இன்று சன்னலுக்குப் பதில் கைப்பேசி. இதற்கு மருந்து மேலும் இறுகப் பற்றி உழைப்பது மட்டும்தான் என்று அந்தத் துறவிகள் கருதவில்லை. முதிய துறவி அந்தோணியைப் பற்றி ஒரு கதை உண்டு. இதே சோர்வில் அவர் வாடியபோது, தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதையும், எழுந்து வேண்டுவதையும், மறுபடி உட்கார்ந்து பின்னுவதையும் கண்டாராம். இப்படிச் செய், பிழைத்துக்கொள்வாய் என்ற சொல்லும் கேட்டதாம். வேலையிலிருந்து எழுவதும் வேலையைப்போலவே கடமையாக்கப்பட்டது. நம் காலத்தில் நேர்ந்ததற்கு இது நேர் எதிர். நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் சீனாவின் சிட்ரிப் பயண நிறுவனத்தில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது. அதில் பெரும்பங்கு, இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததால் வந்த உயர்வு. அதாவது எழுந்து போவதைக் கைவிட்டதால் வந்தது. ஆய்வு முடிந்தபோது அவர்களில் பாதிப்பேர் அளவில் அலுவலகத்துக்கே திரும்பிப் போக விரும்பினார்கள், தனிமை முக்கியக் காரணம். உற்பத்தி கூடியது என்பதையே வெற்றியாக எண்ணுபவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

ஒரு மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நெசவாளர் வீட்டை இப்படி அழகாக்கிக் காட்டுவது பொய் என்று ஒருவர் சொல்லலாம். தறி வீட்டில் இருந்ததால்தான் நெசவாளர் விளக்கு வைத்தும் நெய்தார், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவரைத் தறியோடு கட்டிப்போட்டது, தார் சுற்றிய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கூலி கிடையாது. இதெல்லாம் உண்மை. பெண்ணுக்கு வீடு என்றைக்குமே ஓய்விடமாக இருந்ததில்லை. 2019-இல் இந்தியா எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஐந்து மணிநேரம் இப்படிப் போகும் வீட்டில் பணி-வாழ்க்கைச் சமநிலை பற்றி ஆணுக்கு மட்டும் போதிப்பது அநியாயம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தகர்க்கவில்லை, அதன் குறையை நிரப்புகிறது. நேச நாயனாருக்கு அளவு வைத்தது உடுத்துபவரின் தேவை. கடனில் சிக்கிய நெசவாளருக்கு அளவு வைத்தது முன்பணம். தறி அதேதான், வீடும் அதேதான், ‘போதும்’ என்று சொல்லும் உரிமை கைமாறிவிட்டது. அந்த உரிமை உழைப்பவரிடம் இல்லாதபோது பக்தியும் சாட்டையாகிவிடும். அதனால்தான் யூதர்களின் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, வீட்டில் தங்கியிருக்கும் அயலான் எல்லாரையும் பேர் சொல்லிச் சேர்க்கிறது. ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் அடுக்களையில் நிற்பது அந்தச் சட்டப்படி ஓய்வாகாது.

நம்மிடமும் அந்த நிறுத்தம் உண்டு. அமாவாசையன்று தறி ஓட்டாத வழக்கம் நெசவாளர் தெருக்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆயுத பூசையன்று கருவியைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வைத்துவிட்டால், விஜயதசமி வரை அதை எடுத்து வேலை செய்யக் கூடாது. கருவியை வணங்குவதே அதைத் தொடாமல் இருப்பதன் மூலம்தான். இப்போது மடிக்கணினிக்கும் பொட்டு வைக்கிறோம், வைத்த கையோடு திறந்து அழைப்பில் சேர்ந்துகொள்கிறோம். சடங்கில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்வராயன் குகைக் கோயில் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் திரண்டு போகும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியே விடுப்புக் கேட்டு நிற்பதில்லை. எல்லாரும் நிறுத்துவதால் யாரும் பின்தங்குவதில்லை. தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் இந்த எல்லையைக் காக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான். நான் மட்டும் ஆறு மணிக்கு மூடினால் அடுத்தவர் எட்டு மணிவரை இருந்து நல்ல பெயர் வாங்குவார் என்ற அச்சம் யாரையும் மூட விடாது.

அமெரிக்க வாடிக்கையாளர் நம் நள்ளிரவில்தான் விழித்திருக்கிறார், அமாவாசையும் அந்தியும் பார்த்தால் பிழைப்பு நடக்குமா என்பது கடைசி மறுப்பு. எல்லை சூரியனோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவு வேலைக்கும் எல்லை வைக்கலாம். அது முன்கூட்டியே சொல்லப்பட்டு, ஒரு தரப்பு மட்டும் நினைத்தபோது நீட்ட முடியாததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேலை நேரம் முடிந்தபின் தொடர்பிலிருந்து விலகும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. இங்கே 2018-இல் சுப்ரியா சுலே மக்களவையில் அதே நோக்கத்தோடு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. தொழிற்சங்கம், சட்டம் என்று பேசினால் ஆன்மிகக் கட்டுரையில் அரசியல் எதற்கு என்று கேட்பார்கள். மோசேயின் ஓய்வுநாளும் சட்டமாகத்தான் வந்தது, அதுவும் எகிப்தில் ஓய்வே அறியாமல் செங்கல் அறுத்த அடிமைகளுக்கு. தமிழ்நாட்டில் இதைத் தொடங்க நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆயுத பூசைக்குப் பொரியும் சுண்டலும் வாங்கப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், அன்று மாலை பூசை முடிந்ததிலிருந்து விஜயதசமி காலை வரை, வீட்டிலிருந்து வேலை செய்பவர் உட்பட யாருக்கும் எந்தச் செய்தியும் போகாது என்று எழுத்தில் அறிவிக்கலாம்.