தள்ளி நிற்றல்

இருமல்

2020 மார்ச் நடுப்பகுதி. சென்னையில் மாநகரப் பேருந்துகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. டிக்கெட் கிழிக்கக் கண்டக்டரின் விரல் பழக்கத்தில் நாக்கை நோக்கிப் போகும். பாதி வழியில் நினைவு வந்து நின்றுவிடும். பிறகு பையைத் துழாவி, சின்ன டப்பாவில் இருக்கும் ஈரப் பஞ்சைத் தொட்டுக் கிழிப்பார். இத்தனை வருஷப் பழக்கத்தை ஒரே வாரத்தில் விட அந்த விரல் பாடுபட்டது.

அந்த மாதம் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா தொற்று உறுதியானது. ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் அவர். 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓர் இருமல் கேட்கும். அதன் பிறகுதான் கை கழுவச் சொல்லும் அறிவிப்பு. நாள் முழுக்க அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, இருமல் என்றாலே திடுக்கிடும் நிலைக்குக் காது வந்திருந்தது.

அப்படிப்பட்ட ஒரு நாளில் பேருந்தின் பின்சீட்டில் ஒரு பெரியவர் இருமினார். தலைகள் திரும்பின. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, தூசி. எனக்கு வீசிங் உண்டு" என்றார். யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்துக்குள் இன்னொரு தடவையும் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து முன்னால் போய்விட்டார்.

எழுந்து போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டிலும் வயதான அம்மா இருந்திருக்கலாம். ஆனால் போவதற்கு முன் "தண்ணி வேணுமாய்யா?" என்று அந்த வண்டியில் யாராவது கேட்டிருந்தால், அந்தப் பெரியவர் தன் நுரையீரலுக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டபடி பயணம் செய்திருக்க வேண்டியதில்லை. தள்ளிப் போவது வேறு, கைவிடுவது வேறு என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

கூட்டம்

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. காலை 7 மணி முதல் தெருவில் ஆளில்லை. மாலை 5 மணிக்கு மொட்டை மாடிகளில் நின்று கை தட்டினோம். தட்டும் கரண்டியும் ஒலித்தன. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நன்றி சொல்ல அந்த ஐந்து நிமிடம்.

மறுநாள் 23ஆம் தேதி, அடுத்த நாளான 24ஆம் தேதி மாலை 6 மணி முதல் 144 தடை உத்தரவு என்றும் மாவட்ட எல்லைகள் மூடப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. அன்று மாலையே கோயம்பேடு பேருந்து நிலையம் நிரம்பி வழிந்தது. கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஓட்டலில் தட்டு கழுவியவர்கள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்பு, ஊருக்குப் போய்விட வேண்டும். 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு.

ஏப்ரல் கடைசியில் இதே காட்சி காய்கறிக் கடைகளில் நடந்தது. 26ஆம் தேதி முதல் நான்கு நாள் சென்னையில் மளிகைக் கடைகூடத் திறக்காது என்றார்கள். முந்தின நாள் 25ஆம் தேதி, ஊரே பையோடு வெளியே வந்தது. 295 ஏக்கரில் விரிந்து கிடக்கும் கோயம்பேடு சந்தை நோய் பரவும் இடமாயிற்று. மே 5ஆம் தேதி அதை மூடினார்கள். மூட்டை தூக்கியவர்கள் லாரி ஏறி ஊர் திரும்ப, அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று தொற்றும் அவர்களோடு போனது.

'ஜனங்களுக்கு அறிவில்லை' என்று அப்போது பலரும் சொன்னார்கள். நான் அப்படி எண்ணவில்லை. ஒரு மாதத்துக்கான மளிகை வீட்டில் இருப்பவன் நிதானமாக இருப்பான். அன்றாடங்காய்ச்சிக்கு நாலு நாள் கடையடைப்பு என்பது நாலு நாள் அடுப்பு. அவகாசம் கொடுக்காமல் கதவை அடைத்தால், அடைபடுமுன் எல்லோரும் அந்தக் கதவில்தான் முட்டுவார்கள். பொது இடத்தில் மனிதன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் பாதி, அவன் வீட்டு அரிசிப் பானையைப் பொறுத்தது.

வட்டம்

ஏப்ரல் முதல் வாரத்தில் ரேஷன் கடைகளில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையில்லாமல் கொடுத்தார்கள். டோக்கன் முறை. கடை வாசலில் சுண்ணாம்பால் வரிசையாக வட்டங்கள்.

வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தால் வட்டங்களில் மனிதர்கள் இல்லை. முதல் வட்டத்தில் ஒரு கட்டைப்பை. அடுத்ததில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதற்கடுத்து அரைச் செங்கல், ஒரு காலி எண்ணெய் கேன், மடித்து வைத்த சாக்கு. சொந்தக்காரர்கள் எதிரில் புங்க மரத்தடியில் நின்றிருந்தார்கள். ஒருவர் உள்ளே போனதும், மரத்தடியிலிருந்து ஓர் அம்மா வந்து தன் பையை ஒரு வட்டம் முன்னால் நகர்த்துவார். கூடவே மற்றவர்களின் செருப்பையும் கல்லையும் காலால் மெல்லத் தள்ளி அடுத்த வட்டத்தில் சேர்ப்பார். யாரும் யாருடைய செருப்பையும் தாண்டவில்லை. ஆளில்லாத வரிசையில் அவ்வளவு நியாயம் இருந்தது.

ஆனால் நிழல் சின்னது. அதற்குள் எல்லோரும் தோளோடு தோள் உரசித்தான் நின்றார்கள். தள்ளி நிற்க மனசு மட்டும் போதாது, இடமும் வேண்டும். 'விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு' என்று அரசு சொன்னது. சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களில், தொடக்க வாரங்களில் ராயபுரத்தில்தான் தொற்று மிக அதிகம். ஒற்றை அறையில் ஐந்தாறு பேர், தெருவுக்கு ஒரு குழாய், பல வீட்டுக்கு ஒரு கழிப்பறை. விலகியிருக்க நினைத்தாலும் அங்கே சுவர் விடாது. இடைவெளியும் ஒரு சொத்துதான். அது எல்லோர் கையிலும் ஒரே அளவில் இல்லை.

வேப்பிலை

நோய் கண்ட வீட்டிலிருந்து தள்ளியிருப்பது நமக்குப் புதிதல்ல. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். அதைப் பார்த்தாலே ஆட்கள் உள்ளே வரமாட்டார்கள். அந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், விருந்தாளியைக் கூப்பிடமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்தப் பிள்ளை வெளியே வராது.

ஆனால் அந்தத் தூரத்தில் இழிவு இல்லை. 'அம்மா வந்திருக்கா' என்றுதான் சொன்னார்கள். பிள்ளை உடம்பில் இருந்த கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரி இளநீரைத் திண்ணையில் வைத்துவிட்டு, தெருவிலிருந்தே "கண்ணு முழிச்சாளா? கஞ்சி குடிச்சாளா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். உள்ளே வராதவளும் அந்த வீட்டை விட்டுப் போய்விடவில்லை.

அந்தக் காலத்தை நான் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை. பெரியம்மை எத்தனையோ பேரின் கண்ணையும் உயிரையும் கொண்டுபோனது. வேண்டுதலால் அது ஒழியவில்லை. தடுப்பூசியால்தான் ஒழிந்தது, 1977இல் இந்தியா பெரியம்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. நோய்க்கு மருத்துவம்தான் வேண்டும். ஆனாலும் நோயாளியை அவமானப்படுத்தாமல் ஒதுக்கி வைக்கும் ஒரு முறை நம் தெருக்களில் இருந்தது என்பதை 2020இல் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு தூரம்

நம்மிடம் வேறொரு தூரமும் இருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டியிருந்த தெருக்கள். பிறப்பைக் காட்டி மனிதனை எட்ட நிறுத்திய அந்தத் தூரத்துக்குக் கிருமி எதுவும் தேவைப்படவில்லை.

ஊரடங்கு தளர்ந்தபோது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அந்தப் பழைய தூரம் எட்டிப் பார்த்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களை கேட்டிலேயே நிறுத்தினார்கள். சில இடங்களில் குடியிருப்பவர்கள் லிஃப்டில் போகலாம், வேலைக்கு வருபவர்கள் படியேற வேண்டும் என்று ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் இந்த நோய் நம் நாட்டுக்கு விமானத்தில்தான் வந்து சேர்ந்தது. தடையோ, நடந்து வந்தவர்கள் மேல் விழுந்தது.

அதே குடியிருப்புகளில் வேறு விதமானவர்களும் இருந்தார்கள். "வரவேண்டாம்மா, வீட்டிலேயே இரு, மாசச் சம்பளம் வந்துடும்" என்று போனில் சொல்லி, சொன்னபடியே அனுப்பியவர்கள் உண்டு. வேலைக்கு வராதே என்ற சொல் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் அது பாதுகாப்பு, மற்றதில் பட்டினி. இரண்டையும் பிரிப்பது அதற்கடுத்து வரும் வாக்கியம்.

ஸ்டிக்கர்

தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீட்டுக் கதவில் மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டியது. உள்ளே நுழையாதே என்ற எச்சரிக்கை. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு பால்காரர் அந்த வாசலைத் தாண்டிப் போனார், தண்ணீர் கேன் போடும் தம்பி கேட்டோடு திரும்பினான். காய்ச்சலைவிட அந்தக் காகிதத்துக்குப் பயந்து பரிசோதனைக்குப் போகாமல் இருந்தவர்கள் உண்டு. அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைத்தால் நோய்க்குத்தான் வசதி.

அதிகாரம் பெற்றவர் சட்டப்படி உத்தரவிட்டால் ஒழிய இப்படி ஒட்டக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் சொன்னது. அதற்குள் எத்தனையோ கதவுகள் அந்தப் பார்வையைத் தாங்கிவிட்டன.

வேலங்காடு

2020 ஏப்ரல் 19ஆம் தேதி, நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவுக்குப் பலியானார். கீழ்ப்பாக்கம் கல்லறைக்கு உடலைக் கொண்டுபோனார்கள். கூட்டம் கூடி எதிர்த்தது. அங்கிருந்து வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டுபோக, அங்கே கல்லும் கட்டையும் ஆம்புலன்ஸ் மேல் விழுந்தன. ஊழியர்களுக்குக் காயம். மனைவியும் மகனும் அந்த இடத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சக மருத்துவர் பிரதீப் குமார், மருத்துவமனை ஊழியர் ஓரிருவரோடு திரும்பிச் சென்று, தானே மண்வெட்டி பிடித்து மண்ணை அள்ளிப் போட்டு அந்த நள்ளிரவில் நண்பரை அடக்கம் செய்தார்.

முறைப்படி மூடிப் புதைத்த உடலிலிருந்து அக்கம்பக்கத்துக்குத் தொற்று வராது. அந்தக் கூட்டத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஆனால் அறியாமையை மட்டும் சொல்லி இதை முடிக்க முடியாது. தெரியாதவன் கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முன்பே கை கல்லை எடுத்துவிட்டது. மாடியில் நின்று மருத்துவர்களுக்குக் கை தட்டி ஒரு மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று ஒரு வாரத்துக்குள் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தேவையான சட்டம். ஆனால் இறந்தவருக்கு மண் தருவதற்கு ஒரு சமூகத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

படிவம்

அந்த மாதங்களில் வீடு வீடாக வந்த பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநகராட்சியின் காய்ச்சல் கணக்கெடுப்புக்காக வந்தவர்கள். தலையில் தொப்பி, முகக்கவசம், கையில் படிவம். கேட்டைத் தட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். "காய்ச்சல் இருக்கா? இருமல், சளி?" இல்லை என்றதும் குறித்துக்கொண்டு அடுத்த வீடு. மறுநாள் மறுபடி அதே கேள்வி. சிலர் கதவைத் திறக்காமலே விரட்டினார்கள்.

எங்கள் தெருவுக்கு வந்த பெண் படிவத்தில் இல்லாத கேள்விகளையும் கேட்பாள். "பாட்டிக்கு சுகர் மாத்திரை இருக்காக்கா? தீந்துபோச்சுன்னா சொல்லுங்க, மெடிக்கல்ல சொல்லி வைக்கிறேன்." ஒரு நாள் பாட்டியே வாசலுக்கு வந்து, "நீ சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள். "ஆச்சு பாட்டி" என்றவள், பாட்டி இன்னும் ஓரடி முன்னால் வந்ததும் தான் ஓரடி பின்னால் போனாள். அந்த ஓரடி பாட்டிக்காக வைத்த அடி.

இதைத்தான் பல மாதம் யோசித்தும் முடிவாகச் சொல்ல முடிகிறது. தூரம் ஒரே தூரம்தான். எனக்காக உன்னைத் தள்ளி வைக்கிறேனா, உனக்காக நான் தள்ளி நிற்கிறேனா என்பதில் அது இரண்டாகப் பிரிகிறது. பேருந்திலும், லிஃப்ட் வாசலிலும், கல்லறை மேட்டிலும் நம்மை விட்டுப் போனது நெருக்கம் அல்ல. அது எப்படியும் போகத்தான் வேண்டியிருந்தது. போயிருக்கக் கூடாதது விசாரிப்பு.

கை கழுவுவதையும் முகக்கவசத்தையும் அரசு கற்றுத் தந்தது, கற்றுக்கொண்டோம். விசாரிப்பை யாரும் உத்தரவு போட்டு வரவைக்க முடியாது. இன்னொரு தொற்று வரும்போது, நோய் கண்ட வீட்டை விட்டு விலகுகிற ஒவ்வொருவருக்கும் அந்த வீட்டுக்குச் செய்ய வேண்டிய ஒரு கடன் உண்டு. சாப்பாடு இருக்கிறதா, மாத்திரை இருக்கிறதா, பேச ஆள் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் ஏற்பாடு செய்ய வேண்டும். அதைச் செய்த பிறகு எத்தனை அடி வேண்டுமானாலும் தள்ளி நிற்கலாம்.