தெரிந்த சாலை

அமெரிக்காவின் தென்பகுதியில் அட்லாண்டா என்றொரு பெருநகரம் உண்டு. அங்கே பனி விழுவது அபூர்வம். 2014 ஜனவரி 28ஆம் நாள் பகலில் அந்நகரில் ஏறத்தாழ இரண்டரை அங்குலப் பனி விழுந்தது. குளிர்நாட்டார் இதைப் பனி என்றே மதிக்கமாட்டார்கள். வாசலைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அட்லாண்டாவிலோ பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே வேளையில் மூடப்பட, ஊரே ஒன்றாகச் சாலைக்கு வந்தது. சக்கரங்களின் அடியில் நசுங்கிய பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடித் தகடாயிற்று. ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையில் வண்டிக்குள்ளேயே இரவைக் கழித்தார்கள். பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடத்திலேயே படுத்துறங்கினர்.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் நடந்தது இதைவிடத் துயரமானது. பனி பார்க்கும் ஆசையில் சமவெளியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரேறிச் சென்றவர்கள் வழியில் புதைந்து நின்றார்கள். குளிர் தாங்காமல் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்துக்கொள்ள, மணமோ நிறமோ இல்லாத நச்சுவாயு வண்டிக்குள் திரும்பியது. இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலரைக் கொன்றது அந்த வாயுவே என்று அதிகாரிகள் கூறினர். தந்தையும் தாயும் பிள்ளைகளும் ஒரே வண்டியில்.

தாம்பரத்தில் குடியிருக்கும் நமக்குப் பனியோடு என்ன வழக்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இச்செய்திகளைப் படித்தபோது நம் மனத்தில் தைத்தது ஒன்றுதான். அந்த மனிதர்கள் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் அல்லர். நன்றாகத் தெரிந்தவர்கள். சறுக்கும் வண்டியில் கால் தானாகப் பிரேக்கை நோக்கிப் போகும். உலர்ந்த சாலை பல்லாண்டுகளாகக் கற்பித்த பாடம் அது. பனிச்சாலையில் அந்தப் பாடமே ஆபத்து. அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தன் போக்கில் போகும். பனிநாட்டார் குளிர்காலம் வருமுன்பே டயரை மாற்றி, முன்வண்டிக்கு நெடுந்தொலைவு விட்டு, முட்டையை மிதிப்பது போல் மிதித்து ஓட்டுகிறார்கள். பனியைப் பழகாதவன் கையில் இருப்பது வேறொரு சாலைக்கான திறமை.

நமக்குப் பனி இல்லை. கார்த்திகையும் மார்கழியும் உண்டு. 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லாவற்றையும் செம்பரம்பாக்கம் ஏரியின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருப்பவை. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாறாக வந்த நீர். நீர் தன் பழைய வழியில் வந்தது. அந்த வழியில் நாம் மனை போட்டிருந்தோம்.

டிசம்பர் 1ஆம் தேதி நண்பகலில் முடிச்சூரிலிருந்து நம் பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார்கள். எழுபத்தாறு வயது, தனியே இருப்பவர்கள். “வாசப்படி நனையுதுப்பா” என்றார்கள். தொடர்பு அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை. மஃரிபு தொழுதுவிட்டு நாம் காரை எடுத்தோம். வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். முடிச்சூர் சாலை நமக்கு இருபது ஆண்டுப் பழக்கம். எந்த இடத்தில் மேடு, எந்த வளைவில் பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அதைத்தான் வீட்டிலும் சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

சாலையில் முழங்காலளவுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். ஓரிடத்தில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் நீண்ட கம்புடன், தண்ணீரின் நடுவே நின்றிருந்தார். நம் வண்டியைக் கண்டதும் கையை வீசி ஏதோ கத்தினார். மழை இரைச்சலில் கேட்கவில்லை. நாம் கண்ணாடியை இறக்கவில்லை. ‘இவர் யாரிடம் வழி சொல்கிறார் என்று தெரியாமல் சொல்கிறார்’ என்ற எண்ணம் ஒரு கணம் ஓடியது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். நின்றால் எஞ்சின் அணைந்துவிடும் என்று வேகத்தைக் கூட்டி அவரைக் கடந்தோம்.

முப்பது கஜ தூரம் போயிருப்போம். முன்சக்கரம் எதிலோ இறங்கியது, வண்டி நின்றது. நாம் சாவியைத் திருகினோம், மீண்டும் திருகினோம். எஞ்சினுக்குள் காற்று போகவேண்டிய வழியில் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போல் அது அமுங்கிக் கொடுக்காது; பிஸ்டனைத் தள்ளும் தண்டு வளைந்துபோகும். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி கிளப்பாதே என்பது எந்த மெக்கானிக்கும் சொல்லும் முதற்பாடம். நமக்கு அது அன்று தெரியாது. கம்புடன் நின்றவர் வேறு மூவரை அழைத்துக்கொண்டு வந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார். “கால்வா மேல இருந்த சிலாப எடுத்துட்டாங்க சார், அதத்தான் கத்தினேன்” என்றார். அவ்வளவுதான். கடிந்து ஒரு சொல் இல்லை. “எங்க போவணும்?” என்று கேட்டு, நம் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பால் தரையைத் தட்டித் தட்டிப் பெரியம்மா தெருவரை கொண்டுவந்து விட்டார்.

பெரியம்மா மாடியில் இருந்தார்கள். “மாடி வீட்டுக்காரங்க அசருக்கே என்னெ மேல ஏத்திட்டாங்களே. நீ ஏம்ப்பா வந்தே?” என்றார்கள்.

அன்றிரவு அந்த மாடியிலிருந்து தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோம். கீழ்வீட்டின் சன்னல் மறைந்தது. தெருவிளக்குகள் அணைந்துபோயின. நம் கார் எங்கோ இருட்டில் முழுகியது. கார் போனதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது வேறு. நாம் வேகத்தைக் கூட்டிய இடத்தில் சாலையோரம் ஒரு தையற்கடை. கடைக்காரர் வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார். நின்ற தண்ணீருக்கு அந்த உயரம் போதும். கிறிஸ்துமஸுக்கென்று பிறர் தைக்கக் கொடுத்த துணிகளை மூட்டைகளாகக் கட்டி, மகன் தள்ளுவண்டி கொண்டுவரட்டும் என்று தரையில் வைத்துக் காத்திருந்தார். நம் வண்டி தள்ளிய அலை மணல் மூட்டைகளைத் தாண்டி உள்ளே போயிற்று. துணிகள் நனைந்தன, ஒன்றின் சாயம் மற்றொன்றில் இறங்கியது. இதை அன்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து நாட்களுக்குப் பின், கம்புடன் நின்றவரைத் தேடி அங்கே போனபோது பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். கம்புக்காரர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர்; இன்றுவரை அவரை நாம் காணவில்லை.

தையற்காரரிடம் பணம் கொண்டுபோனோம். அவர் வாங்கவில்லை. “ராத்திரி வந்த தண்ணியில தையல் மெஷினே போச்சு பாய். எல்லாருக்கும்தான் போச்சு. உங்க கணக்க மட்டும் தனியாவா எழுதறது?” என்று சிரித்தார்.

அந்தச் சொல் நமக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நம் அலை வராமலே இருந்தாலும் இரவு பெருவெள்ளம் வந்திருக்கும், துணியும் போயிருக்கும். ஆகவே நம்மால் விளைந்த நட்டம் ஒன்றுமில்லை என்று வாதிடலாம். நம் நிய்யத்தும் தூயது. ஒரு முதியவரைக் காக்கப் போனோம். செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்பதை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். இவ்விரண்டையும் மாற்றி மாற்றி நமக்கே சொல்லிப் பார்த்தோம். பிறகு ஓர் ஆலிமிடம் கேட்டோம். அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. “வெள்ளம் எத்தனை மணிக்கு வந்தது?” என்றார். மூன்று மணி நேரம் கழித்து என்றோம். “அதற்குள் அந்த மூட்டைகள் தள்ளுவண்டியில் போயிருக்குமா?” போயிருக்கும் என்றோம். “அப்படியானால் உங்கள் பொறுப்பை ஏன் வெள்ளத்தின் தலையில் வைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அடியார்களின் உரிமை அடியார்கள் மன்னித்தால்தான் நீங்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. தையற்காரர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் அவர் மன்னித்தது மழையையா, நம்மையா என்பது தெளிவாகவில்லை.

நிய்யத்தைப் பற்றி ஒன்று. எண்ணம் தூயதாயிருந்தால் அது நம் குற்றத்தின் பெயரை மாற்றும், துணியை உலர்த்தாது. நல்லெண்ணம் உள்ளவனுக்குத்தான் விசாரித்து அறியும் கடமை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. தீயவன் பிறர் சொல் கேளாதிருப்பதில் வியப்பில்லை. நல்லது செய்யப் போகிறோம் என்ற எண்ணமே நம் காதை அடைத்துவிட்டதே, அதுதான் வியப்பு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் தவக்குல் பற்றி எழுதுமிடத்தில், கொடிய விலங்குகள் திரியும் நிலத்திலும், வெள்ளம் ஓடும் வழியிலும், சாய்ந்த சுவரின் கீழும் படுத்துறங்குவது இறைவன்மீது வைத்த நம்பிக்கை ஆகாது, விலக்கப்பட்ட செயலே ஆகும் என்கிறார். ஈரானின் தூஸ் நகரில் பிறந்தவர். வறண்ட நாட்டில் திடீரெனப் பாயும் வெள்ளத்தை அறிந்தவராக இருக்க வேண்டும். வெள்ளத்தின் வழியில் உறங்குவதே அப்படியென்றால், அதில் வேகத்தைக் கூட்டுவதை எதில் சேர்ப்பது?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் சென்றபோது, ஸர்ஃ என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பிய வரலாறு யாவரும் அறிந்தது. இறைவிதியிலிருந்து ஓடுவதா என்ற வினாவும் அதற்கு அவர்கள் அளித்த விடையும் மேடைதோறும் சொல்லப்படுகின்றன. அதற்கு முன் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அன்சார்களை அழைத்துக் கேட்டார்கள். இரு சாராரும் தமக்குள் கருத்து வேறுபட்டதும், குறைஷிகளின் மூத்தோரை அழைத்துக் கேட்டார்கள். பெரும் சாம்ராஜ்யத்தின் தலைவர் நடுவழியில் மூன்று முறை கேட்கிறார். நாம் ஒரு கண்ணாடியை இறக்கவில்லை.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி ஐக்கிய அரபு அமீரகத்தில், அங்கே பதிவேடுகள் தொடங்கிய 75 ஆண்டுகளில் காணாத மழை. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் 24 மணி நேரத்துக்குள் 25 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மழையே அறியாத நாட்டில் அகன்ற சாலைகள் ஏரிகளாயின. கார்கள் வரிசை வரிசையாகக் கைவிடப்பட்டு நின்றன. துபாயில் வேலை பார்க்கும் நம் தங்கை மகன் மறுநாள் பேசினான். “வண்டிய மேட்டுல விட்டுட்டு நடந்தே ரூமுக்கு வந்துட்டேன் மாமா. உங்க முடிச்சூர் கதை ஞாபகம் வந்துச்சு” என்றான். நம் பிழை யாருக்கேனும் பயன்பட்டதென்றால் அது அவனுக்குத்தான்.

ஊரும் ஓரளவு கற்றுக்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். செய்தித்தாளில் அப்படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பலமுறை நனைந்தவனின் நிதானம் நனையாதவனுக்கு வேடிக்கையாகத்தான் தெரியும். ஆனால் வண்டிகளை மேலே ஏற்றிக்கொண்டவர்கள் தையற்கடைகளை எங்கே ஏற்றுவது என்பதையும் யாராவது நினைக்க வேண்டும்.

நம் தையற்காரர் பிறகு ஒருநாள் பணத்தை வாங்கிக்கொண்டார், முன்பணம் என்ற பெயரில். அன்றுமுதல் நம் வீட்டுப் பெருநாள் துணிகளெல்லாம் அவரிடமே. முன்பணம் எப்போதோ கழிந்திருக்க வேண்டும். அவர் கணக்குச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில் நம் தெருமுனையில் தண்ணீர் தேங்கியது. மழைநீர்க் கால்வாயின் மூடி ஒன்று பெயர்ந்திருந்தது. பள்ளத்தில் ஒரு வேப்பங்கிளையை நட்டுவிட்டு, அது மிதந்து போகாமல் பிடித்துக்கொண்டு, நாமும் பக்கத்து வீட்டுப் பையனும் மாறி மாறி நின்றோம். மாலை ஐந்து மணி இருக்கும். வெள்ளைக் கார் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. நாம் கையை வீசிக் கத்தினோம். ஓட்டியவர் நம்மைப் பார்த்தார். நம் தெருவாசிதான், பல ஆண்டுகளாக இவ்வழியே போய் வருபவர். கண்ணாடி இறங்கவில்லை.