தணியாப் பசிக்கு உணவிடல்: ஓர் அறவியல் நோக்கு

பசித்த உயிருக்கு உணவிடுதல் அறம் என்பது தமிழர் சிந்தனையில் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்ற கருத்தாகும். அக்கருத்தின் அடியில் இரண்டு எடுகோள்கள் உள்ளன. உணவு பசியைத் தணிக்கும் என்பது ஒன்று. உண்ட உணவு உடலைப் பேணும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொய்த்துப்போகுமிடத்து உணவிடுதல் அறமாக நிலைக்குமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில் உள்ள இறம்பொடையை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் லயன் அறையில், பன்னிரண்டு வயதுப் பூனையொன்று வாழ்வதாகக் கொள்ளலாம். அரிசி மூட்டையை எலிகளிடமிருந்து பல்லாண்டு காத்த அப்பூனை, சில மாதங்களாக முன்னிலும் மிகுதியாக உண்கிறது. உண்டு முடித்த சிறிது நேரத்திலேயே மீண்டும் அடுப்படிக்கு வந்து கத்துகிறது. ஆயினும் முதுகெலும்பு புடைக்குமளவுக்கு மெலிந்து வருகிறது. அதன் குடலில் புற்றுநோய் உள்ளதென மிருக வைத்தியர் கண்டறிகிறார். இனி வீட்டார் அதற்கு எதை, எவ்வளவு, எதுவரை கொடுத்தல் வேண்டும்?

விடை காண்பதற்கு முன்னர் நோயின் இயல்பை அறிதல் அவசியம். முதிய பூனைகளின் குடலில் தோன்றும் புற்றுநோய்களுள் நிணநீர்க்கலப் புற்றுநோயே பெரிதும் காணப்படுவது. மெதுவாக வளரும் அதன் வகையில் சிறுகுடற் சுவர் தடித்து, உணவுச்சத்தை உறிஞ்சும் ஆற்றல் குன்றுகிறது. பி12 உயிர்ச்சத்தும் போதியளவு உட்செல்வதில்லை. இந்நோயுற்ற பூனைகளுள் பல உணவை வெறுக்கின்றன. சிலவோ ஓயாது உணவைத் தேடுகின்றன. சிகிச்சையாகக் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் என்னும் மருந்தும் பசியைக் கூட்டவல்லது. வயிறு நிறைந்திருக்கவும் உடல் பட்டினி கிடக்கும் விந்தையான நிலை இது.

இத்தகைய பசியைத் தமிழ் இலக்கியம் அறியாததன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை, முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோய்க்கு ஆளாகிறாள். கணவன் காஞ்சனன் தேடிக் கொணர்ந்த கனிகளும் கிழங்குகளும் அப்பசியைத் தணிக்கவில்லை. ஈற்றில் அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவே அவள் நோயைத் தீர்க்கிறது. ஈண்டு கருதத்தக்கது யாதெனின், காப்பியம் அவள் பசியைப் பொய்ப்பசியெனத் தள்ளவில்லை என்பதேயாகும். பசியின் காரணம் சாபமாயினும் நோயாயினும், அதை உணரும் உயிருக்கு அது மெய்யான துன்பமே. ஆதலின், பூனையின் பசி நோயின் விளைவுதானே என்று கூறி உணவை மறுப்பது பொருந்தாது. எனினும் லயன் அறையில் அமுதசுரபி இல்லை. அங்குள்ள உணவு அளவுடையது. அதனை ஈட்டும் உழைப்பு கடுமையானது.

இவ்விடத்தே வலிமையான தடை ஒன்று எழுகின்றது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாகவும் நீண்ட போராட்டங்களின் பின்னரே உயர்த்தப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் மனிதரே பட்டினியால் மாண்டனர். அத்தகைய மண்ணில், உண்டாலும் தேறாத பூனைக்கு மீனும் இறைச்சியும் கொடுப்பது முறையா என்பது அத்தடை. இதனை இரக்கமற்றோர் வாதமென ஒதுக்கிவிடல் ஆகாது. குழந்தையின் தட்டில் உள்ளதை எடுத்துப் பூனைக்கு இடும்படி எந்த அறமும் கட்டளையிடாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு மீண்டும் மீண்டும் கொண்டுசெல்ல வசதியற்றவர் கடமை தவறியவரும் அல்லர். கடமை இயல்திறனைக் கடந்து செல்வதில்லை. ஆயின், எல்லாவற்றையும் கொடுக்க இயலாமை எதையும் கொடாமைக்கு நியாயமாகாது.

இயன்றதைக் கொடுக்குமிடத்து அன்புக்கு அறிவு துணையாதல் வேண்டும். பூனை இயல்பிலேயே ஊனுண்ணி. குழம்பிட்ட சோறும் கோதுமை ரொட்டியும் அதன் வயிற்றை நிரப்பினாலும், அதற்கு இன்றியமையாத ஊன்சத்தை வழங்கா. பாலூட்டுதல் பரிவின் அடையாளமாகக் கருதப்படினும், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. நோயுற்ற குடலில் அது கழிச்சலை மிகுவிக்கும். உப்பு மிகுந்த கருவாட்டினும், உப்பும் உறைப்புமின்றி அவித்த சிறிதளவு மீனோ கோழியிறைச்சியோ மேலானது. ஒரே வேளையில் பெருமளவு இடுவதினும், அதே உணவைப் பகுத்துப் பலவேளை இடுதல் குடலுக்கு எளிது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, உண்ணும் அளவைச் செரிக்கும் ஆற்றலோடு இணைத்து நோக்குவது இங்கும் பொருந்துகின்றது.

பசி மிக்க நோயாளியைப் பேணுவோர் எளிதில் விழும் மயக்கமொன்றும் உண்டு. உணவை வெறுக்கும் பூனையைக் கண்டால் எவரும் அஞ்சுவர். ஆவலுடன் உண்ணும் பூனையைக் கண்டாலோ, நன்றாகத்தானே சாப்பிடுகிறது என மனம் ஆறுதல் கொள்ளும். இந்நோயில் பசி நலத்தின் அளவுகோலன்று. கொழுந்தை நாள்தோறும் நிறுத்துப் பழகிய மக்களுக்கு நிறை குறைவதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. தட்டு வெறுமையாவதைக் காண்பதோடு அமையாது, உடல் மெலிவதையும் கண்டுகொள்ளுதல் பேணுவோரின் பொறுப்பாகும். மருந்து பெற்ற பூனைகள் பல ஓராண்டுக்கு மேலும் வாழ்வதுண்டாதலின், இவ்விழிப்பு வீணானதன்று.

எதுவரை என்பதே கடினமான வினா. ஆங்கில மெய்யியலாளர் பெந்தம் 1789ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், விலங்கைப் பொறுத்துக் கேட்க வேண்டியது அது பகுத்தறியுமா என்பதன்று, துன்புறுமா என்பதே என வாதித்தார். கான்ற் என்பாரோ விலங்குக்கு நேரடியான கடமை இல்லையென்றும், அதனைக் கொடுமையாக நடத்துவோன் தன் மனிதத் தன்மையையே சிதைக்கிறான் என்றும் கருதினார். பெந்தம் பூனையையும் கான்ற் பேணுபவரையும் நோக்குகின்றனர். எதுவரை என்னும் வினாவுக்கு இவ்விரு நோக்குகளும் தேவை. உண்டபின் பூனை சிறிது நேரமேனும் அமைதியாகத் துயிலுமாயின், உணவு தன் பணியைச் செய்கின்றது. உடல் தேறாவிடினும் அவ்வமைதி பொருளற்றதன்று. உண்டவுடன் வாந்தியும் வலியுமே மிஞ்சி, பசியும் கணமேனும் அடங்காதாயின், தொடர்ந்து இடப்படும் உணவு பேணுபவரின் பிரிவாற்றாமைக்கே இடப்படுவதாகும். அந்நிலையில் மிருக வைத்தியர் துணையுடன் நோவின்றி உயிர் நீங்கச் செய்தலை, இதுவரை உணவிட்ட அதே பரிவின் தொடர்ச்சியெனக் கொள்வது தகும். கொல்லாமையை மீறலாகாது எனக் கருதுவோர் அதனை ஏற்காதிருக்கலாம். அவர்களும் அத்துன்பத்தைக் கண்திறந்து நோக்கி, இயன்றவரை தணிக்கக் கடமைப்பட்டவரேயாவர்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் ஒரு கூறாகக் கொண்டார். நோயைத் தீர்க்கும் வல்லமை பேணுபவரிடம் இல்லை. ஆயினும் அவரின்றி மருத்துவம் முழுமை பெறுவதில்லை. பசி தணியாதென அறிந்தும், அந்தியில் கொழுந்துமலையிலிருந்து இறங்கி வந்து, ஒரு கைப்பிடி மீனை முள் நீக்கி நான்கு பங்காக்கி வைப்பவர் அந்நான்காம் கூற்றினுள் அடங்குவார். உணவிடுதல் அவ்விடத்தும் அறமே.